தறி வடிகட்டி

பிப்ரவரி 3, திங்கள்

ஒவ்வொரு பிழைக்கும் ஒரு குறிப்பு எழுதிவைக்க வேண்டும் என்பது எங்கள் அலுவலக விதி. என்ன பார்த்தேன், எதைச் சந்தேகப்பட்டேன், எதை மாற்றினேன் எல்லாம். அதைக் கணினியில் ஒழுங்காகத்தான் எழுதிக்கொண்டிருக்கிறேன். ஆனால் அதில் 'சனியன் பிடித்த பட்டை' என்றோ 'என் அண்ணன் ஒரு நச்சு' என்றோ எழுத முடியாது. அதற்காகத்தான் மருந்துக் கடையில் சும்மா கொடுத்த இந்த டைரியை எடுத்திருக்கிறேன்.

யாராவது கண்டெடுத்தால் தெரிந்துகொள்ளட்டும்: நான் கோகிலவாணி, வயது முப்பத்தெட்டு, சோழிங்கநல்லூரில் வாசம். தொழில், பொருள்களைத் தூங்கவைப்பது. இதற்கு பி.இ., எம்.இ. எல்லாம் படித்தேன். தாலாட்டுப் பாடத் தெரிந்திருந்தாலே போதும் என்று என் முன்னாள் கணவர் சொல்வார்.

நாங்கள் கையில் கட்டிக்கொள்ளும் பட்டை ஒன்று செய்கிறோம். தனியாக இருக்கும் பெரியவர்களுக்கானது. கட்டியவர் விழுந்தால் பிள்ளைகளின் போனுக்கு அதுவே செய்தி அனுப்பும். அதன் கெர்னலில், அதாவது இயங்குதளத்தின் அடிமடியில், எந்த உறுப்பு எப்போது விழித்திருக்க வேண்டும், எப்போது தூங்கலாம் என்று பார்த்துக்கொள்வது என் வேலை. கை கொஞ்ச நேரம் அசையாமல் இருந்தால் திரையைத் தூங்கவைப்பேன், ரேடியோவைத் தூங்கவைப்பேன், கடைசியில் மூளையையே தூங்கவைப்பேன். அசைவை அளக்கும் சென்சார் மட்டும் அரைக்கண் திறந்து படுத்திருக்கும். கை அசைந்தால் அது எல்லாரையும் தட்டி எழுப்பும். இப்படித் தூங்கித் தூங்கி எழுந்தால்தான் பேட்டரி எட்டு நாள் வரும்.

இப்போது பன்னிரண்டு பேர் கையில் கட்டிச் சோதித்துக்கொண்டிருக்கிறோம். பதினோரு பட்டை எட்டு நாள் தாங்குகிறது. பன்னிரண்டாவது ஒன்றரை நாளில் மண்டையைப் போட்டுவிடுகிறது. அந்தப் பன்னிரண்டாவது கை என் அப்பாவுடையது.

அப்பா பெயர் சென்னியப்பன். நூற்பாலை அலுவலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அம்மா போனபின் சோமனூர்ப் பக்கம் எங்கள் வீட்டில் தனியாக இருக்கிறார். போன தீபாவளிக்குக் குளியலறையில் விழுந்துவிட்டார். அடி பெரிதாக இல்லை. ஆனால் ஷார்ஜாவில் இருக்கும் அண்ணன் யுவராஜ் மறுவாரமே கோவையில் ஒரு முதியோர் இல்லத்தில் இடம் பிடித்துவிட்டான். அப்பா, "செத்தாலும் என்ற ஊட்டுலதான்" என்று சொல்லிவிட்டார். நான் நடுவில் புகுந்து பஞ்சாயத்து பண்ணினேன். என் பட்டையைக் கட்டிவிடுவோம். பிப்ரவரி முழுக்க அது ஒழுங்காக வேலை செய்தால் அப்பா வீட்டிலேயே இருக்கட்டும். இல்லையென்றால் மாதக் கடைசியில் அண்ணன் வந்து கூட்டிப் போகட்டும். இருவரும் ஒப்புக்கொண்டார்கள். அவ்வளவு பெரிய ஆள் நான்.

பட்டை அணைந்தால் 'தொடர்பு இல்லை' என்று அண்ணன் போனுக்கும் செய்தி போகும். அந்த வசதியை வைத்ததும் நான்தான். இன்று போயிருக்கிறது. அவன் அதை அப்படியே எனக்கு அனுப்பி, கீழே ஒரு கேள்விக்குறி மட்டும் போட்டிருக்கிறான்.

பிப்ரவரி 5, புதன்

அப்பாவிடம் பேசினேன்.

"பட்டையக் கட்டிருக்கீங்களாங்கப்பா?"

"கட்டிட்டுத்தான் இருக்கறேன் அம்மிணி. குளிக்கறப்பக்கூட கழட்டறதில்ல."

"எந்தக் கைலங்கப்பா?"

"வலது கைல. இடது கைலதான் வாட்ச் இருக்குதே."

"அத ராத்திரிலயும் கட்டிருக்கோணும்."

"சரி சாமி. நீ சாப்டியா? என்ன சாப்ட்ட?"

இதற்குமேல் எங்கள் பேச்சு ஒருநாளும் போனதில்லை. இன்று கொஞ்சம் நீட்டலாம் என்று, கேரம் ஆடப் போகிறீர்களா என்று கேட்டேன். அப்பா அந்தத் தெருவிலேயே பெரிய கேரம் சூரர். சாயங்காலம் பொழுதோடு மன்றத்துக்குப் போனால் விளக்குப் போட்டபின்தான் வருவார்.

"இல்ல சாமி. அந்தக் கதிரேசங்கூட எவன் ஆடறது. பூராவும் கள்ளாட்டம்."

நாற்பது வருஷமாகக் கதிரேசன் மாமா கள்ளாட்டம்தான் ஆடுகிறார். இப்போதுதான் அப்பாவுக்கு ரோஷம் வந்திருக்கிறது.

அப்பா இப்போதெல்லாம் எழுத்தில் செய்தி அனுப்புவதில்லை, குரலில் பேசி அனுப்புகிறார். எழுபத்திரண்டு வயதில் இவ்வளவு நவீனம். அலுவலகத்தில் எல்லாரிடமும் பெருமையாகச் சொன்னேன்.

பிப்ரவரி 7, வெள்ளி

பிழையைப் பிடித்துவிட்டேன் என்று நினைத்தேன்.

எங்கள் கெர்னலில் ஒரு மரியாதை உண்டு. சென்சார் தேவைப்படுகிற நிரல் எதுவானாலும் முதலில் 'எனக்கு நீ வேண்டும்' என்று சொல்ல வேண்டும். ஓர் எண்ணிக்கை ஒன்று கூடும். வேலை முடிந்ததும் 'எனக்கு ஆச்சு' என்று சொல்ல வேண்டும். எண்ணிக்கை ஒன்று குறையும். அது பூஜ்யத்துக்கு வந்தால்தான் சென்சார் கண்ணை மூடலாம். யாராவது ஒருவர் 'ஆச்சு' சொல்ல மறந்துவிட்டுப் போனால் அந்தப் பாவப்பட்ட ஜன்மம் கடைசிவரை விழித்துக்கொண்டே இருக்கும்.

அப்படி ஓர் இடத்தைக் கண்டுபிடித்தேன். 'எந்த மடச்சாம்பிராணி இதை எழுதியது' என்று வாய்விட்டே கேட்டேன். பக்கத்து இருக்கை ஃபைரோஸ் திரையை எட்டிப் பார்த்து, யார் எழுதியது என்று ஒரு தட்டுத் தட்டிக் காட்டினான். கோகிலவாணி சென்னியப்பன், போன ஆனி மாதம்.

"மடச்சாம்பிராணிக்கு டீ சொல்லட்டா?" என்றான்.

திருத்தி அனுப்பினேன்.

பிப்ரவரி 8, சனி

பட்டை இன்றும் அணைந்துவிட்டது. அண்ணனிடமிருந்து இரண்டு கேள்விக்குறி.

பிப்ரவரி 10, திங்கள்

அப்பாவின் பட்டை அனுப்பிய பதிவுகளைக் காலையிலிருந்து உட்கார்ந்து பார்த்தேன். விசித்திரம். அப்பா தூங்கும்போது பட்டையும் சமர்த்தாகத் தூங்குகிறது. அப்பா நடக்கும்போது விழித்திருக்கிறது, அது நியாயம். ஆனால் அப்பா சும்மா உட்கார்ந்து டிவி பார்க்கும்போதுதான் தொல்லை. கை மடியில் இருக்கிறது, எங்கும் போகவில்லை, ஆனால் சென்சாரை ஏதோ தட்டிக்கொண்டே இருக்கிறது. நொடிக்கு ஐந்து தட்டு. சின்னச் சின்னத் தட்டு, அளந்து வைத்த மாதிரி ஒரே சீராக. கெர்னல் பாவம், எழுந்து 'என்ன?' என்று கேட்டு, ஒன்றுமில்லை என்று படுத்து, உடனே மறுபடி எழுகிறது.

"ஃபேன் ஓடுதா? நாற்காலி ஆடுதா?" என்று ஃபைரோஸ் கேட்டான். அவன் வன்பொருள் ஆள், எல்லாவற்றுக்கும் நாற்காலிதான் காரணம் என்பான்.

எனக்குச் சட்டென்று பொறி தட்டியது. தறி!

எங்கள் வீட்டு மேற்குச் சுவருக்கு அந்தப் பக்கம் தெய்வாத்தாக்காவின் தறிக் குடோன். விசைத்தறி ஓடினால் எங்கள் வீட்டு ஷெல்ஃபில் டம்ளர்கள் ஒன்றோடொன்று பேசும். சின்ன வயதில் தண்ணீர்ச் சொம்பில் வளையம் வளையமாக அலை வருவதைப் பார்த்துக்கொண்டேதான் வீட்டுப்பாடம் எழுதினேன். அப்பாவின் நாற்காலி அந்தச் சுவரை ஒட்டித்தான் கிடக்கிறது. தறி நொடிக்கு இரண்டரை அடி அடிக்கும். இரண்டு தறி ஓடினால் ஐந்து. கணக்கு சரி!

"ரெண்டு தறி ஓடினா சத்தம் ரெண்டாகும். தட்டு எப்படி கோகிலா ரெண்டாகும், அதுவும் இவ்ளோ சீரா?" என்றான் ஃபைரோஸ்.

பாலக்காட்டுக்காரனுக்குத் தறியைப் பற்றி என்ன தெரியும் என்று விட்டுவிட்டேன்.

பிப்ரவரி 12, புதன்

சென்சாரை இயக்கும் டிரைவர் நிரலில் ஒரு வடிகட்டி எழுதினேன். இந்த வேகத்தில், இந்த அளவில், இவ்வளவு சீராக ஓர் அசைவு வந்தால் அது அசைவே இல்லை, தூங்குபவரை எழுப்பாதே. 'தறி வடிகட்டி' என்றே பெயர் வைத்தேன். மேலே ஒரு விளக்கமும் எழுதினேன்: 'சுற்றுப்புற இரைச்சல். பொருட்படுத்த வேண்டாம்.'

மேலாளர் ஜோதிப்பிரகாஷ் சார் வந்து பார்த்தார். "பிரமாதம்மா. ஊரோட மண்வாசனை இருக்கற கோடு" என்றார். அவர் எதையும் படிக்காமலே பாராட்டுவார் என்று தெரியும். இருந்தாலும் முகம் சிவந்துதான் போனேன்.

அப்பாவின் பட்டைக்கு மட்டும் முதலில் அனுப்பியிருக்கிறேன்.

பிப்ரவரி 14, வெள்ளி

பட்டை தூங்குகிறது! அப்பா டிவி பார்க்கும்போதும் தூங்குகிறது. பேட்டரி கொஞ்சம்தான் குறைந்திருக்கிறது. அண்ணன் கட்டைவிரல் அனுப்பியிருக்கிறான். அவனிடமிருந்து கட்டைவிரல் வாங்க முப்பத்தெட்டு வருஷம் ஆகியிருக்கிறது.

அப்பாவை அழைத்தேன்.

"சரியாப் போச்சுங்கப்பா. இனி எட்டு நாளைக்கு ஒருக்கா சார்ஜ் போட்டாப் போதும்."

"அப்படியா? என்ன பண்ணுன?"

"உங்க பட்டைக்குச் சின்னச் சின்ன ஆட்டமெல்லாம் வந்துட்டே இருந்துச்சு. அதையெல்லாம் கண்டுக்காதேன்னு சொல்லிட்டேன்."

லைன் போய்விட்டதோ என்று பார்த்தேன்.

"சின்ன ஆட்டம் வந்துச்சுன்னு அது உனக்குச் சொல்லுச்சா?"

"ஆமாங்கப்பா."

"உன்ற அண்ணனுக்கும் சொல்லுச்சா?"

"இல்லைங்க. அது எங்களுக்குள்ள. நான் மட்டுந்தான் பாக்க முடியும்."

"இனிமே சொல்லாதா?"

"சொல்லாதுங்க."

"நல்லதாப் போச்சு சாமி," என்றார் அப்பா. அப்படியொரு நிம்மதி குரலில். நான் ராங்க் வாங்கியபோதுகூட அப்படிச் சொன்னதில்லை. மகளின் தொழில்நுட்பத் திறமை அப்பாவுக்குக் கடைசியில் புரிந்துவிட்டது என்று பூரித்துப்போய் இரண்டு மைசூர்பாகு சாப்பிட்டேன்.

பிப்ரவரி 17, திங்கள்

தறி வடிகட்டியை எல்லாப் பட்டைக்கும் போட்டுவிடலாம் என்கிறார் ஜோதிப்பிரகாஷ் சார். ஃபைரோஸ் கையெழுத்துப் போட மாட்டேன் என்கிறான்.

"தறி நிக்கற நாள்ல ஒரு தடவை பாத்துட்டுப் போடலாம். அது தறிதான்னு நீ எங்க பாத்த? நெனச்ச, அவ்ளோதான்."

"நான் அந்தச் சுவரோரம் வளர்ந்தவ ஃபைரோஸ்."

"சரி. சுவர்கிட்ட கேட்டியா?"

மதியம் அவனோடு சாப்பிடவில்லை. வீட்டில் வாஷிங் மெஷின் பிழியும்போது நடந்து நடந்து சமையலறை வாசல்வரை வந்துவிடுகிறது. அதற்கும் ஆள் சொல்ல வேண்டும்.

பிப்ரவரி 19, புதன்

வீடியோவில் கூப்பிட்டேன். அப்பா போனைக் கையில் பிடிக்கமாட்டார். டிவி மேசையில் எதிலோ சாய்த்துவைத்துவிட்டுத் தள்ளி உட்கார்ந்துகொள்வார். பாதி நேரம் காலண்டர்தான் தெரியும். இன்று முகம் தெரிந்தது. தாடி!

"என்னங்கப்பா இது, சாமியார் மாதிரி?"

"வச்சுப் பாக்கலாம்னுதான். நல்லால்லையா?"

முகத்தில் ஒரு நாள் முடி இருந்தால் அன்றைக்கு வாசலுக்கே வராத மனிதர். சட்டைக்குப் பதில் மில்லில் கொடுத்த டிஷர்ட் வேறு போட்டிருந்தார். ரொம்ப சிரித்துவிட்டேன். அப்பாவும் சிரித்தார். வலது கையைத் துண்டுக்குள் வைத்திருந்தார். அங்கே குளிராம்.

பிப்ரவரி பாதிக்கு மேல் ஆயிற்று. சோமனூரில் குளிர்.

பிப்ரவரி 20, வியாழன்

ஃபைரோஸின் வாயை அடைப்பதற்காகத் தெய்வாத்தாக்காவை அழைத்தேன். ஒரு நாள் மட்டும் ஒரு மணி நேரம் தறியை நிறுத்தச் சொல்லி, அந்த நேரத்துப் பதிவைப் பார்த்துவிட்டால் தீர்ந்தது என்று கணக்கு.

"அக்கா, ஒரு ஒத்தாசை பண்ணோணும். தறிய ஒரு மணி நேரம் நிறுத்த முடியுங்களா?"

"எந்தத் தறியக் கண்ணு?"

"உங்க தறிதானுங்."

"அட நீ ஒண்ணு! தறி ஓடி ஒரு மாசமாகப் போவுது. கூலி ஒத்து வராம எல்லாத்தையும் நிறுத்திப் போட்டிருக்கோம். எங்க குடோன் மட்டுமில்ல, தெருவே ஓடல. உங்கப்பன் சொல்லலையா?"

சொல்லவில்லை. தறிதான் காரணம் என்று நானும் அப்பாவிடம் சொல்லவில்லை. இவ்வளவு பேசியும் இது மட்டும் எப்படி விட்டுப்போனது.

"அப்பா எப்படிங்கக்கா இருக்காரு?"

"இருக்காரு," என்றார். அப்புறம், "நீ ஒருக்கா வந்துட்டுப் போயேன் கண்ணு," என்றார்.

தறி இல்லை என்றால் வேறு ஏதாவது. கிணற்று மோட்டார். மாவு மில். புதிதாகப் போட்டிருக்கிற பைபாஸில் லாரி. டிவி மேசை அடியில் ஏதாவது. நாற்காலியாகக்கூட இருக்கலாம், ஃபைரோஸ் சொன்ன மாதிரி. நாளைக்கு ஒவ்வொன்றாகப் பார்க்க வேண்டும். வாஷிங் மெஷின் ஆள் இன்றும் வரவில்லை.

பிப்ரவரி 21, வெள்ளி

இங்கிருந்தே அப்பாவின் பட்டையில் வடிகட்டியை எடுத்துவிட்டு, "இன்னிக்கு ஒரு நாள் இடது கைல கட்டுங்கப்பா, சோதனைக்கு" என்றேன்.

பொழுதோடு அப்பாவே அழைத்தார். "இடது கைலயே இருக்கட்டுமே அம்மிணி. இதுவே நல்லாருக்குது."

ஆமாம். நன்றாகத்தான் இருக்கிறது. இடது கையில் பட்டை நாள் முழுக்கத் தூங்கியிருக்கிறது. தட்டே இல்லை. அப்படியே விட்டுவிட்டால் பிழை தீர்ந்தது, அண்ணனுக்கும் சமாதானம், எனக்கும் பாராட்டு.

தறியோ மோட்டாரோ லாரியோ, எது ஆட்டினாலும் இரண்டு கையையும்தான் ஆட்டும்.

வாஷிங் மெஷின் ஆள் நாளைக்கு வருகிறேன் என்றான். வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். காலை ரயிலுக்கு டிக்கெட் போட்டிருக்கிறேன்.

பிப்ரவரி 22, சனி

சொல்லாமல் வந்தேன். தெரு அப்படி அமைதியாக இருந்து நான் பார்த்ததே இல்லை.

அப்பா கதவைத் திறந்து, ஒரு நொடி முழித்து, உடனே வலது கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார். தப்புப் பண்ணிய பையன் மாதிரி.

"என்ன சாமி திடீர்னு?"

"சும்மாதானுங்கப்பா."

"இரு, காப்பி போடறேன்."

போட்டார். நான் கூடப் போகவில்லை, கூடத்திலேயே உட்கார்ந்திருந்தேன். அடுப்படியில் டம்ளர் தவராவில் மோதும் சத்தம் கேட்டது. கிணிகிணி என்று, சீராக. என் வாழ்க்கையில் எத்தனையோ நேரம் செலவழித்து அந்தத் தாளத்தை எண்ணியிருக்கிறேன். திரையில் கோடாகப் பார்த்திருக்கிறேன். அதற்குப் பெயர்கூட வைத்திருக்கிறேன். காதால் கேட்டது இன்றுதான்.

காப்பி அரை டம்ளர்தான் வந்தது. இடது கையால் கொண்டுவந்து வைத்தார்.

"கையக் காட்டுங்கப்பா."

"என்ன கை?"

"வலது கை."

டிவியைப் பார்த்தார். அது ஓடவில்லை. அப்புறம் கையை மூடியிருந்த துண்டை எடுத்துவிட்டுக் கையை மடியில் வைத்தார். கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் எதையோ உருட்டுவதுபோல் ஆடிக்கொண்டிருந்தன. அவரைக் கேட்காமல், அது பாட்டுக்கு. நான் பார்க்கிறேன் என்றதும் இன்னும் வேகமாக ஆடியது.

"எப்ப இருந்துங்கப்பா?"

"தீபாவளிக்கு முன்னாலிருந்தே. அன்னிக்கு உளுந்ததும் இதனாலதான். சொம்பு நழுவிப் போச்சு, புடிக்கப் போனேன்."

"ஏனுங்கப்பா சொல்லல?"

"சொன்னா என்ன பண்ணுவீங்க?" என்றார் அப்பா. கோபமாகத்தான் ஆரம்பித்தார். "உன்ற அண்ணன் அடுத்த ப்ளைட்ல வந்து அந்த ஹோம்ல கொண்டுபோய் உட்டுருவான். இந்த ஊட்டுல உங்கம்மா இருக்கறா சாமி. நா எங்க போவட்டும்? சட்டைக்குப் பொத்தான் போட முடியல, சரி, டிஷர்ட் போட்டுக்கறேன். சேவிங் பண்ண முடியல, தாடி வச்சுக்கறேன். கேரம் வேண்டாம்னு உட்டுட்டேன். என்ன கொறஞ்சு போச்சு? ஒண்ணும் கொறையல."

அப்புறம் குரல் இறங்கிவிட்டது.

"நீ அந்த ஆட்டத்தை இனிமே சொல்லாதபடி பண்ணிட்டேன்னு சொன்னீல்ல. எனக்குத்தான் பண்ணிக் குடுத்தேன்னு நெனச்சேன். என்ற மக தெரிஞ்சுதான், அப்பனுக்காகப் பண்ணிருக்கறான்னு."

அழுதுவிட்டேன். நாலு மாதமாக ஒரு மனிதர் ஒவ்வொன்றாகக் கைவிட்டுக்கொண்டே வந்திருக்கிறார். நான் ஒவ்வொன்றையும் பார்த்துச் சிரித்திருக்கிறேன், பெருமை வேறு பட்டிருக்கிறேன். அந்தக் கை நொடிக்கு ஐந்து தடவை என்னைக் கூப்பிட்டிருக்கிறது. பொருட்படுத்த வேண்டாம் என்று நானே எழுதிவைத்தேன்.

"அழுவாத. காப்பி ஆறுது பாரு," என்றார் அப்பா.

குடித்தேன். சர்க்கரை போட மறந்திருந்தார்.

"யுவராஜ்கிட்டச் சொல்லாத சாமி. இன்னொரு வாரந்தான். இடது கைலயே கட்டிக்கறேன்."

டம்ளரைக் கழுவ அடுப்படிக்குப் போனேன்.

பிப்ரவரி 24, திங்கள்

கோவையில் நரம்பு டாக்டரிடம் கூட்டிப் போனேன். பஸ்ஸில் வழி முழுக்க, தனக்கு ஒன்றுமில்லை என்றும் டாக்டர்களுக்குத்தான் ஏதோ ஆகிவிட்டது என்றும் சொல்லிக்கொண்டே வந்தார்.

டாக்டர் அம்மா அப்பாவை நடக்கச் சொன்னார், விரல்களைத் தட்டச் சொன்னார், பெயரை எழுதச் சொன்னார். சென்னியப்பன் என்று தொடங்கிய எழுத்து போகப்போகச் சிறுத்து, கடைசி எழுத்தைக் காணவில்லை. பார்க்கின்சன் மாதிரித்தான் இருக்கிறது என்றார்.

"பகல்ல எப்பெல்லாம் அதிகமா வருது?" என்று கேட்டார்.

அப்பா என்னைப் பார்த்தார். நான் மடிக்கணினியைத் திறந்தேன். எத்தனை நாள், எந்தெந்த நேரம், எவ்வளவு நேரம் எல்லாம் இருந்தது. இரைச்சல் என்று தலைப்புப் போட்டு நானே சேர்த்துவைத்தது.

டாக்டர் திரையைப் பார்த்துவிட்டு, "இதை எடுத்தவங்க யாரு?" என்றார்.

"நான்தான் டாக்டர். ஆனா தறின்னு நெனச்சேன்."

அவருக்குப் புரியவில்லை. அப்பாவுக்குப் புரிந்துவிட்டது. ரொம்ப நாளைக்கப்புறம் வாய்விட்டுச் சிரித்தார். "தறியா? தறின்னா நெனச்ச?" ஆஸ்பத்திரி வாசல்வரை அதையே கேட்டுக் கேட்டுச் சிரித்தார். எம்.இ. படித்த மகளை ஒரு மனிதர் இதற்குமேல் மதிக்க முடியாது.

குணமாகாது, ஆனால் மாத்திரையில் நன்றாகக் கட்டுப்படும், தினமும் ஒரே நேரத்துக்குப் போட வேண்டும், நடக்க வேண்டும், விழாமல் பார்த்துக்கொள்ள வேண்டும் என்றார் டாக்டர். தனியாக இருக்கலாமா என்று கேட்டேன். "இப்போதைக்கு இருக்கலாம். ஆனா ஒளிச்சு வச்சுக்கிட்டு இருக்கக் கூடாது," என்றார். அதை அப்பாவைப் பார்த்துச் சொன்னாரா, என்னைப் பார்த்தா என்று தெரியவில்லை.

பிப்ரவரி 25, செவ்வாய்

அப்பாவின் கேரம் போர்டை முக்காலியில் வைத்து, அதன்மேல் மடிக்கணினியை வைத்து வேலை பார்க்கிறேன். தறி வடிகட்டியை மொத்தமாக நீக்கிவிட்டேன். ஏன் நீக்குகிறாய் என்ற கட்டத்தில் 'அது இரைச்சல் இல்லை' என்று எழுதினேன். ஜோதிப்பிரகாஷ் சார் பிரமாதம் என்று பதில் போட்டார்.

ஃபைரோஸ் போன் பண்ணினான். விஷயத்தைச் சொன்னேன். நான் சொன்னேன் பார் என்று சொல்வான் என்று காத்திருந்தேன். "அப்பா எப்படி இருக்கார்?" என்று மட்டும் கேட்டான்.

அப்பாவிடம் சொன்னேன். "வலது கைலயே கட்டுங்க. அது ஆடறதை அது சொல்லட்டும். மாத்திரை கேக்குதா இல்லையான்னு டாக்டருக்கும் தெரியும். ஆனா பேட்டரி ஒன்றரை நாள்தான் வரும். தினமும் சார்ஜ் போடோணும்."

"தினமும் போட்டாப் போச்சு. நா என்ன சோத்துக்குத் தினமும் அரிசி போடறதில்லையா?"

"அண்ணங்கிட்ட நான் சொல்லட்டுங்களா?"

"வேண்டாம்," என்றார். "நானே சொல்லிக்கறேன்."

பிப்ரவரி 28, வெள்ளி

அண்ணன் காலையில் வந்துவிட்டான். பெரிய பெட்டி ஒன்று காலியாகக் கொண்டுவந்திருந்தான். அப்பாவின் துணிமணிக்கு.

அப்பா முகத்தில் தாடி இல்லை. நேற்று நான் மழித்துவிட்டேன், தாடையில் ஒரு வெட்டோடு. எனக்குக் கை நடுங்காமலே அந்த லட்சணம். அப்பா எங்கள் மூன்று பேருக்கும் தானே காப்பி போட்டுக்கொண்டு வந்தார். வலது கையால். தட்டில் டம்ளர்கள் கிணிகிணித்தன, காப்பி சிந்தியது. நான் எழப் போனேன். அப்பா என்னைப் பார்த்த பார்வையில் உட்கார்ந்துவிட்டேன்.

அண்ணன் டம்ளரைப் பார்த்தான், கையைப் பார்த்தான். எனக்குக் கேள்விக்குறியாக அனுப்பியவனுக்கு ஒரு கேள்விகூட வரவில்லை.

"ஆடுது பாரு யுவராஜ்," என்றார் அப்பா. "டாக்டர்கிட்டப் போயாச்சு. மாத்திரை போடறேன். உனக்குத் தெரியக் கூடாதுன்னு நாலு மாசமா ஒளிச்சு வச்சிருந்தேன். இனி ஒளிக்க முடியாது. ஆடட்டும். என்ற ஊட்டுலயே ஆடட்டும்."

சிந்திய காப்பியை அண்ணன் துண்டால் துடைத்தான். துடைத்த இடத்தையே ரொம்ப நேரம் துடைத்தான்.

"மாத்திரைய நேரத்துக்குப் போடுவீங்களாங்கப்பா?"

"போடுவேன்."

"தினமும் பொழுதோட நான் போன் பண்றேன்," என்றேன் நான். "பட்டைக்குச் சார்ஜ் போட்டாச்சா, மாத்திரை போட்டாச்சான்னு. மாசத்துல பாதி நாள் இங்கிருந்தே வேலை பாக்கறேன். கேரம் போர்டு வசதியாத்தான் இருக்குது."

"போர்டை எடு மொதல்ல," என்றார் அப்பா. "கதிரேசனுக்குச் சொல்லி உட்டிருக்கறேன். இடது கைல ஆடிப் பாக்கறேன். அவன் கள்ளாட்டம் ஆடறதுக்கு நா இடது கைல ஆடுனாச் சரியாப் போயிரும்."

"சித்திரை வரைக்கும் பாக்கலாங்கப்பா," என்றான் அண்ணன். காலிப் பெட்டியைத் தூக்கிப் பரண்மேல் வைத்தான். வைத்துவிட்டுக் கீழே இறங்காமல் கொஞ்ச நேரம் ஸ்டூலிலேயே நின்றான். மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. அவனை நச்சு என்று முதல் பக்கத்தில் எழுதியிருக்கிறேன். அடித்துவிடலாமா என்று பார்த்தேன். இருக்கட்டும், அவன் நச்சுதான்.

மதியம் திடீரென்று சுவர் அதிர்ந்தது. ஷெல்ஃபில் டம்ளர்கள் பேச ஆரம்பித்தன. தெய்வாத்தாக்கா வாசலில் நின்று, "கூலி பேசி முடிஞ்சுருச்சு கண்ணு! ஓட உட்டாச்சு!" என்று கத்தினார். எட்டுத் தறியும் ஒன்றாக ஓடின. சொம்பில் வளையம் வளையமாக அலை.

அப்பா குளிக்கப் போவதற்காகப் பட்டையைக் கழற்றி, மேற்குச் சுவரோரம் மேசையில் வைத்திருந்தார். குளிக்கும்போதும் கழற்றுவதில்லை என்று என்னிடம் சொன்னதும் பொய். நான் மடிக்கணினியைத் திறந்து பார்த்தேன். தறி அந்த அடி அடிக்கிறது, மேசையே அதிர்கிறது. பட்டை நிம்மதியாகத் தூங்கிக்கொண்டிருந்தது. ஒரு தட்டுகூடப் பதியவில்லை. என் ஆராய்ச்சிக்கும் தறிக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை என்பதைத் தறியே வந்து சொல்லிவிட்டுப் போனது.

அப்பா தலை துவட்டிக்கொண்டே வந்து நாற்காலியில் உட்கார்ந்தார். பட்டையை எடுத்து வலது கையில் வைத்து, கொக்கியை மாட்ட முடியாமல் என்னிடம் கையை நீட்டினார். மாட்டிவிட்டேன்.

உடனே விழித்துக்கொண்டது.